பட்டறிவும் பாடமும்

அனுபவம் என்பதற்குத் தமிழில் பட்டறிவு என்றொரு பெயர் உண்டு. பட்டு அறிந்தது பட்டறிவு. இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு காலங்கள் சேர்ந்து நிற்கின்றன. 'பட்டு' என்பது கடந்துபோனதைச் சுட்டுகிறது. 'அறிவு' என்பது இன்று கையில் இருப்பதைச் சுட்டுகிறது. பட்டது போய்விட்டது, அறிவு நின்றுவிட்டது. சென்ற காலம் மனிதனின் இன்றைய நோக்கையும் நாளைய செயலையும் எவ்வாறு உருவாக்குகிறது என்பது உளநூலார் நெடுநாளாக ஆராய்ந்துவரும் வினா. அவ்வினாவுக்கு விடை தேட வகுப்பறையினும் ஏற்ற இடம் வேறில்லை.

ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே கரும்பலகை. ஆயினும் முப்பது குழந்தைகள் அந்தப் பாடத்தை முப்பது விதமாக வாங்கிக்கொள்கின்றனர். ஒருவன் கேட்டவுடன் பற்றிக்கொள்கிறான். மற்றொருவன் மூன்று முறை கேட்டும் விழிக்கிறான். 'அவன் கெட்டிக்காரன், இவன் மண்டு' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது எளிது. ஆனால் அந்தச் சொல் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறது. அடுத்த வகுப்புக்கும் போகிறது. சிலரை வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. ஆகலின் அவ்வாறு தீர்ப்புச் சொல்லுமுன் ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

நன்னூல் கண்ட மாணவர்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணவரை எட்டு உவமைகளால் வகுக்கிறது. அன்னமும் பசுவும் முதல் மாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடை மாணாக்கருக்கு உவமை. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடை மாணாக்கருக்கு உவமை. தமிழாசிரியர் யாவரும் நன்கறிந்த பகுதி இது. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் யார் அன்னம், யார் எருமை என்று மனத்துக்குள் பெயர் சூட்டிப் பார்க்காத ஆசிரியர் அரியர்.

ஆனால் அதே பாயிரம் ஆசிரியருக்கும் ஒரு கடமையை விதிக்கிறது. மாணவன் எவ்வகையில் ஏற்றுக்கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு சொல்லுதல் வேண்டும் என்பதே அக்கடமை. மாணவனின் உவமைகள் நினைவில் நிற்கும் அளவுக்கு இந்த விதி நினைவில் நிற்பதில்லை. ஏற்கும் வகையை அறிந்து சொல்லுதல் ஆசிரியர் கடமையாயின், ஏற்காமற் போனதன் பழி முழுவதும் மாணவனுடையது ஆகாது. குடத்தில் ஓட்டை இருக்கிறதா, குடம் திறந்திருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வேறு பக்கத்தில் நீர் ஊற்றப்படுகிறதா என்று பார்க்க வேண்டும் அன்றோ?

வரவேற்பார் இல்லாத வீடு

குழந்தையின் உள்ளம் எழுதாத பலகை அன்று என்பதைக் கற்பித்தல் முறையாகவே வகுத்துக் காட்டியவர் செருமானிய அறிஞர் ஹெர்பார்ட். 1776ஆம் ஆண்டில் பிறந்து 1841ஆம் ஆண்டில் மறைந்த இவர், கோனிக்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தில் மெய்ப்பொருளறிஞர் காண்ட் வகித்த பேராசிரியர் பதவியை 1809ஆம் ஆண்டில் ஏற்றவர். புதிய எண்ணம் ஒன்று உள்ளத்துள் தானாக இடம்பிடித்துக்கொள்வதில்லை. முன்னரே அங்குள்ள எண்ணங்கள் அதனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டால்தான் அது நிலைக்கும் என்பது இவர் கொள்கை. விருந்தினர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார். உள்ளிருந்து அறிந்தவர் எழுந்து வந்து வரவேற்றால் அவர் உள்ளே வந்து அமர்வார். கதவைத் திறப்பார் இல்லையெனில் வாசலில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். பாடமும் அத்தகைய விருந்தினரே.

ஹெர்பார்ட்டின் வழிவந்த சில்லர், ரைன் முதலியோர் இக்கொள்கையை ஐந்து படிகளாக வகுத்தனர். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்புநோக்கல், பொதுமை காணல், பயன்படுத்தல் என்பன அவை. ஆசிரியப் பயிற்சியில் கற்ற பாடக்குறிப்பில் 'முன்னறிவு' என்றொரு பகுதி இருப்பது இந்த மரபின் வழியாகத்தான். ஆனால் நாளடைவில் அப்பகுதி ஒரு சடங்காகிவிட்டது. 'மாணவர் யானையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பர்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்ற நிலை வந்தது. கேள்விப்பட்டிருக்கின்றனரா என்று மாணவரைக் கேட்டு எழுதியவர் சிலரே. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலார் ஆசுபெல் தம் கல்வி உளவியல் நூலில் இதனையே மீண்டும் வற்புறுத்தினார். கற்றலைப் பாதிக்கும் காரணங்களுள் தலையாயது மாணவன் முன்னரே அறிந்திருப்பது. அதனை முதலில் கண்டறிந்து, பின்னர் அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் முடிபு.

மறந்தது அழிந்துவிட்டதா?

'போன ஆண்டு படித்தது எல்லாம் மறந்துவிட்டது, ஐயா' என்று மாணவர் சொல்வதுண்டு. மறந்தது முற்றும் அழிந்துவிட்டதா? இதனை முதன்முதலில் அளந்து காட்டியவர் எப்பிங்காஸ் என்னும் செருமானியர். பொருளற்ற அசைகளை ஏறத்தாழ 2,300 உண்டாக்கி, அவற்றை வரிசை வரிசையாகத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார். 1885ஆம் ஆண்டில் அவருடைய நூல் வெளிவந்தது. மனப்பாடம் செய்த வரிசையைச் சிறிது காலம் கழித்து மீண்டும் மனப்பாடம் செய்யும்போது, முதல் முறையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதே அவர் கண்ட அளவுகோல்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கைநழுவியது. ஒருநாள் கழிந்தபின் மூன்றில் ஒரு பங்கு உழைப்பே மிச்சமாயிற்று. ஆனால் வியப்பு இதன் பின்னர்தான் வருகிறது. ஒரு மாதம் கழிந்த பின்னும் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாயிற்று. நினைவுக்கே வாராத ஒன்று, மீண்டும் கற்கும்போது கைகொடுக்கிறது. மண்ணுக்குள் கிழங்கு கிடப்பதைப்போல, மேலே இலை காணாவிடினும் உள்ளே உயிர் கிடக்கிறது. பழைய பாடத்தைப் போற்றுதலையும் கேட்டதை மீள நினைத்தலையும் நன்னூல் மாணவனுக்கு விதித்தது வெறும் பழமை அன்று என்பது இதனால் விளங்கும். மறந்துவிட்டான் என்பதற்காக மாணவனைக் கடிவதைவிட, மறந்ததன் அடியில் கிடப்பதை எழுப்புவதே பயனுடைத்து.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று

பழைய அறிவு புதியதை வரவேற்பதோடு நிற்பதில்லை. அதனைத் தனக்கேற்றவாறு மாற்றியும் விடுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்லெட் இதனை ஆராய்ந்து 1932ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர் சிலரைப் படிக்கச் செய்து, காலம் விட்டு விட்டுத் திருப்பிச் சொல்லச் செய்தார். கதையில் வந்த பழங்குடியினரின் குடைமரத் தோணி, சொன்னவர் வாயில் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. அவர்களுக்குப் புரியாத ஆவிகளின் செய்தி விடுபட்டது, அல்லது புரியும்படி திருத்தப்பட்டது. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தத்தம் வாழ்வில் கண்டதைக் கொண்டே கேட்ட கதையை மீண்டும் கட்டினர். நினைவு என்பது பெட்டியில் வைத்த துணியை எடுப்பது போன்றதன்று. இருக்கும் நூலைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாய் நெய்வது போன்றது.

இதனால் ஆசிரியர் பெறும் பாடம் ஒன்றுண்டு. மாணவன் கதையைத் தவறாகத் திருப்பிச் சொன்னால், அத்தவறு அவனுடைய உலகத்தைக் காட்டும் சாளரம். எந்த இடத்தில் மாற்றினான், எதனை விட்டான், எதற்குப் பதில் எதனை வைத்தான் என்று பார்த்தால் அவன் பட்டறிவு தெரிந்துவிடும். சிவப்பு மையால் கோடு கிழிப்பதற்கு முன் ஒரு கணம் அதனைப் படித்துப் பார்ப்பது நன்று.

தேர்வில் தோற்றவர், தெருவில் வென்றவர்

அறிவுக்குறை என்று எண்ணப்படுவது பல வேளைகளில் பட்டறிவு வேறுபாடே என்பதற்கு இரண்டு ஆய்வுகள் சான்று.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தேங்காயும் பழமும் விற்றுக் குடும்பத்துக்கு உதவும் சிறுவர் பலர் உண்டு. அவர்களுள் ஐவரை மூன்று ஆய்வாளர் முதலில் வாடிக்கையாளர்போல் நின்று விலை கேட்டுச் சோதித்தனர். பின்னர் அதே கணக்குகளைத் தாளில் எழுதிக் கொடுத்தனர். 1985ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. கடைத்தெருவில் நூற்றுக்கு 98 விடைகள் சரி. கதைக் கணக்காகக் கொடுத்தபோது நூற்றுக்கு 74 சரி. வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 மட்டுமே சரி. ஒரு தேங்காய் 35 குருசேரோ, பத்துத் தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்கு ஒரு சிறுவன் பத்தால் பெருக்கவில்லை. மூன்று தேங்காய் 105 என்று தொடங்கினான். அது அவன் நாள்தோறும் விற்கும் கணக்கு. இன்னும் மூன்று சேர்த்து 210, இன்னும் மூன்று சேர்த்து 315, பின் ஒன்று சேர்த்து 350 என்று சரியாக முடித்தான். கணக்கு அவனுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் கணக்குக் கேட்கும் பாணிதான் அவனுக்குத் தெரியாது.

மற்றொன்று வாசிப்பைப் பற்றியது. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரு ஆய்வாளர் 64 மாணவரைக் கொண்டு பேஸ்பால் ஆட்டத்தை வருணிக்கும் பகுதி ஒன்றைப் படிக்கச் செய்தனர். வாசிப்பில் வல்லவர் சிலர், மெலிந்தவர் சிலர். அந்த ஆட்டத்தை நன்கறிந்தவர் சிலர், அறியாதவர் சிலர். முடிவு என்ன? வாசிப்பில் மெலிந்தவராயினும் ஆட்டத்தை அறிந்தவர், வாசிப்பில் வல்லவராயினும் ஆட்டத்தை அறியாதவரைவிட நன்றாக விளங்கிக்கொண்டனர். கருத்துணர்தல் பயிற்சியில் மாணவன் பெறும் மதிப்பெண் அவன் மொழித்திறனை மட்டும் காட்டுவதில்லை. பகுதியின் பொருளோடு அவனுக்கு முன்பழக்கம் உண்டா என்பதையும் சேர்த்தே காட்டுகிறது.

பால்மரக் காட்டின் பாடம்

இந்த உண்மைக்கு மலாயாத் தோட்டப் பள்ளிகளின் வரலாற்றினும் நெருங்கிய சான்று தமிழாசிரியருக்கு வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் இங்குள்ள தமிழ்ப் பள்ளிகளில் வழங்கிய பாடநூல்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வந்தன. லயத்தில் பிறந்து ரப்பர்க் காட்டில் வளர்ந்த குழந்தை, கண்ணால் காணாத ஊரையும் ஆற்றையும் பயிரையும் பற்றிப் படித்தது. சொற்களை ஒப்பித்தது, ஆனால் அச்சொற்களை வரவேற்க உள்ளே ஆள் இல்லை. 1956ஆம் ஆண்டில் ரசாக் அறிக்கை வெளிவந்த பின்னரே, எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் இந்நாட்டை மையமாகக் கொண்ட பொதுப் பாடத்திட்டம் என்னும் கொள்கை வேரூன்றியது.

அந்தக் குழந்தை ஒன்றும் அறியாத குழந்தையா? அன்று. விடியுமுன் பிரட்டுக்குப் போகும் பெற்றோரை அது அறியும். வெயில் ஏறுமுன் மரம் சீவினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதை அறியும். இரவின் குளிர்ச்சியில் மரத்தின் பாற்குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதும், வெயிலில் இலைகள் நீரை இழக்க அவ்வழுத்தம் குறைவதுமே காரணம் என்பது தாவர நூல். மங்கில் சேர்ந்த பாலில் அமிலம் கலந்தால் உறைந்து கட்டியாவதை அது கண்டிருக்கிறது, அது வேதியியல். பட்டையில் இடப்புறம் மேலாகவும் வலப்புறம் கீழாகவும் ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் கோடு இறங்குவதை நாள்தோறும் பார்த்திருக்கிறது. அது வடிவக் கணிதம். ஒரு நிரைக்கு இத்தனை மரம், இத்தனை நிரைக்கு எத்தனை மரம் என்பது பெருக்கல் வாய்பாடு. பள்ளிக்கூடம் கற்பிக்க விரும்பிய அறிவியலின் வித்துகள் லயத்து வாசலிலேயே கிடந்தன. பாடநூலும் பட்டறிவும் சந்திக்காமற் போனதே குறை.

அந்தக் காலம் மாறிவிட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாயின. குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தைகளுள் பலர் அடுக்குமாடி வீட்டில் பிறந்தவர். மின்தூக்கியையும் விரைவு ரயிலையும் கைப்பேசியையும் அறிந்தவர். அவர்களிடம் மங்கு என்றும் ஒட்டுப்பால் என்றும் சொன்னால் விழிப்பர். முன்பு பாடநூலுக்கும் மாணவனுக்கும் நடுவே இருந்த கடல், இன்று ஆசிரியருக்கும் மாணவனுக்கும் நடுவே விரிந்துவிடக் கூடும். தோட்டத்தில் வளர்ந்த ஆசிரியருக்கு மிக எளிதாகத் தோன்றும் எடுத்துக்காட்டு, நகரத்துக் குழந்தைக்கு மற்றொரு புதிய பாடமாகிவிடும். முல்லையும் மருதமும் கற்பிக்கும்போது இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. ஆசிரியரின் பட்டறிவு மாணவனின் பட்டறிவு ஆகாது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

தோல்வியின் தழும்பும் வெற்றியின் காப்பும்

பட்டறிவு அறிவை மட்டும் தருவதன்று. நம்பிக்கையையும் அச்சத்தையும் தருகிறது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலார் செலிக்மனும் மையரும் நாய்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். சில நாய்களுக்கு மின்னதிர்ச்சி தரப்பட்டது. அவை என்ன செய்தும் அதனை நிறுத்த முடியவில்லை. பின்னர், சிறிய தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்தில் விட்டபோதும் அவற்றுள் பல தாண்ட முயலாமல் கிடந்துவிட்டன. முன்னரே தம் செயலால் தப்பிப் பழகிய நாய்களோ, இடையில் தப்ப முடியாத துன்பம் நேர்ந்த பின்னும் சோர்ந்துவிடவில்லை.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டில், அவ்விருவரும் மூளையைப் பற்றிய புதிய செய்திகளைக் கொண்டு தம் விளக்கத்தையே திருத்திக்கொண்டனர். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது கற்றுக்கொண்டது அன்று. அஃது உயிரின் இயல்பான முதல் நிலை. 'என் செயலால் இது மாறும்' என்பதே கற்றுக்கொள்ளப்படுவது என்றனர். விலங்கைப் பற்றிய முடிவை அப்படியே குழந்தைமேல் ஏற்றிவிடலாகாது. ஆயினும் வகுப்பின் கடைசி வரிசையில் 'எனக்கு வராது' என்று அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பார்ப்பவர் இதனைச் சிந்திக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது அறிவுரை அன்று. தானே முயன்று பெற்ற சிறு வெற்றி ஒன்று. அது ஒரு குறுங்கணக்காயினும், பிழையின்றிப் படித்த ஒரு பத்தியாயினும், நாளைய தோல்விக்கு அது ஒரு காப்பு.

நேற்றைக் கொண்டே நாளை

சென்ற காலம் எதிர்காலத்தையும் ஆள்கிறது என்பதற்கு மூளை நூலிலேயே சான்று கிடைத்திருக்கிறது. மூளையில் நினைவைப் பேணும் பகுதி கெட்டவர் ஐவரை இலண்டனில் ஆய்வாளர் சோதித்து, 2007ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 'அழகிய கடற்கரையில் படுத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள், என்ன காண்கிறீர்கள்?' என்பன போன்ற வினாக்களைக் கேட்டனர். அவர்களுள் பெரும்பாலோரால் முழுமையான காட்சி ஒன்றை உள்ளத்தில் கட்ட முடியவில்லை. துண்டு துண்டாகவே சொன்னார்கள். நேற்றை நினைக்க உதவும் கருவியே நாளையைக் கற்பனை செய்யவும் உதவுகிறது என்று இதனால் அறிஞர் கருதுகின்றனர்.

'நான் மருத்துவரானால்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றி, கற்பனை வளம் இல்லை என்று சொல்வதுண்டு. மருத்துவமனையை நோயாளியாக மட்டுமே கண்ட குழந்தை, மருத்துவரின் ஒருநாளை எதனைக் கொண்டு கட்டும்? கல் இல்லாமல் சுவர் எழாது. கற்பனைக்குக் கல் பட்டறிவு. நூலகத்துக்கு அழைத்துச் செல்வதும், சந்தையைச் சுற்றிக் காட்டுவதும், தொழிலாளர் ஒருவரை வகுப்புக்கு வரவழைத்துப் பேசச் செய்வதும், பாட்டியிடம் ஒரு கதை கேட்டுவரப் பணிப்பதும் பாடத்துக்குப் புறம்பான பொழுதுபோக்குகள் அல்ல. நாளைய கட்டடத்துக்கு இன்று கல் சுமப்பவை அவை.

ஆசிரியர் செய்யத் தக்கவை

இவ்வளவிலிருந்தும் வகுப்பறைக்கு நான்கு செயல்கள் பெறப்படும். ஒன்று, பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் மாணவரைப் பேசவிட்டு, அவர்கள் உண்மையில் அறிந்ததைக் கேட்டல். பாடக்குறிப்பின் முன்னறிவுப் பகுதியை அதன் பின்னர் நிரப்புதல். இரண்டு, சென்ற வாரத்தையும் சென்ற மாதத்தையும் மீள நினைக்கச் செய்தல். மூன்று, தவறான விடையைக் கண்டால் 'எப்படி இந்த விடை வந்தது?' என்று கேட்டல். தேங்காய் விற்ற சிறுவனைப்போல் அவனுக்கும் ஒரு வழி இருக்கக் கூடும். நான்கு, பாடத்துக்கு வேண்டிய பட்டறிவு மாணவனிடம் இல்லையெனில், அதனைக் குறையாகக் கருதாமல் முதலில் அதனைத் தருதல். மருதம் கற்பிக்குமுன் ஒருபிடி நெல்லைக் கையில் கொடுத்தால் போதும். பாடம் பாதி முடிந்தது.

ஒரு குழந்தையின் சென்ற காலத்தை மாற்ற எந்த ஆசிரியராலும் இயலாது. அது பிறந்த வீட்டையும், வளர்ந்த தெருவையும், பட்ட அடியையும் யாரும் அழித்து எழுத முடியாது. ஆனால் காலம் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்று காலை நடக்கும் தமிழ்ப் பாடம் மாலைக்குள் அக்குழந்தையின் சென்ற காலத்தோடு சேர்ந்துவிடும். பத்தாண்டு கழித்து ஒரு நூலைத் திறக்கும்போது அல்லது திறக்க அஞ்சும்போது, உள்ளிருந்து பேசப்போவது இந்த வகுப்பறையே. வந்த பட்டறிவுக்கு ஆசிரியர் பொறுப்பாளி அல்லர். இனி வகுப்பறையில் சேரும் பட்டறிவுக்கு அவரே பெரும்பொறுப்பாளி.